கீழாநெல்லியும் கல்லீரலும்



பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. முன்னாளில் அதற்கு பிட் ஸ்திரீட் என்று பெயர். வில்லியம் பிட் என்ற ஆங்கிலப் பிரதமரின் நினைவாக வைத்த பெயர் அது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் மக்களுக்குத் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் 1801-ஆம் ஆண்டில் அங்கே பள்ளிவாசலை எழுப்பினார். அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில் இருக்கிறது. சாலையின் ஒரு முனையில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. அடுத்த தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. நான்கு சமயத்தாரும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்து பழகிய இடம் அது.

நம் முன்னோர் பலர் இந்நாட்டில் முதன்முதல் காலடி வைத்ததும் பினாங்குத் துறைமுகத்தில்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். புலாவ் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்தனர். பின்பு செபராங் பிறை, கெடா, பேராக் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். அவர்கள் துணிமூட்டையோடு கொண்டு வந்த செல்வங்களில் ஒன்று கைவைத்தியம். அந்தக் கைவைத்தியத்தில் ஒரு செடியின் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

அந்தச் செடி கீழாநெல்லி. கித்தா மரத்து நிரைகளுக்கிடையிலும், லயத்துக் கால்வாய் ஓரத்திலும், செம்பனைத் தோட்டத்து மண்பாதையிலும் தானாக முளைத்து நிற்கும் சிறு செடி. அதிக உயரம் வளராது. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகுபோலப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி ஆதலால் கீழாநெல்லி என்றார்கள் தமிழர். மலாய்க்காரர் இதை 'டூக்கோங் அனாக்' என்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது என்று பொருள். சீனர் 'இலைக்கு அடியில் முத்து' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். மூன்று இனத்தாரும் மூன்று மொழியில் பெயர் வைத்தார்கள். ஆனால் மூவர் கண்ணும் இலையின் அடிப்பக்கத்தையே பார்த்திருக்கிறது. மூவருமே இதை மருந்தாகவும் போற்றினர். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்துச் சொல்.

இந்தச் செடி கல்லீரல் நோயைத் தீர்க்குமா? கல்லீரலில் புற்றுநோய் வந்தால் அதையும் போக்குமா? இந்தக் கேள்விகளை உலகத்தின் பெரிய விஞ்ஞானிகள் சிலர் மிகக் கருத்தூன்றி ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நோபல் பரிசு பெற்றவர், மற்றொருவர் தமிழர். அந்த ஆராய்ச்சியில் நம்பிக்கையும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொள்வது நம் குடும்பங்களின் நன்மைக்கு இன்றியமையாதது.

காமாலை என்பது என்ன?

முதலில் கல்லீரலைப் பற்றி ஒரு சொல். வலப்புற விலா எலும்புக்குக் கீழே, பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் அமைந்திருக்கும் உறுப்பு அது. நாம் உண்ணும் உணவைப் பக்குவப்படுத்துவதும், உடம்பில் சேரும் நஞ்சை முறிப்பதும், பித்தநீரைச் சுரப்பதும் அதன் வேலை. நம் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் நாள்தோறும் பழுதாகி அழிகின்றன. அப்போது மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். கல்லீரல் நலிந்துவிட்டால் அந்த மஞ்சள் இரத்தத்திலேயே தங்கி, கண்ணிலும் தோலிலும் படிகிறது. அதுதான் காமாலை. ஆகவே காமாலை என்பது ஓர் அடையாளமே. வீட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் உள்ளே ஏதோ எரிகிறது என்று அறிகிறோம் அல்லவா? எது எரிகிறது என்பதை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஒரு காமாலை உண்டு. அதற்கு ஹெபடைடிஸ் ஏ என்று பெயர். ஆற்று நீரையும் கிணற்று நீரையும் நம்பி வாழ்ந்த காலத்தில் தோட்டப்புறங்களில் பிள்ளைகளுக்கு இது வருவது வழக்கம். பெரும்பாலோருக்கு இந்தக் காமாலை சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தானாக இறங்கப் போகும் காமாலைக்கு மூன்றாம் நாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறோம். பதினைந்தாம் நாள் கண் வெளுக்கிறது. புகழ் யாருக்குப் போகும்? செடிக்குத்தான் போகும். பாட்டி பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். ஆனால் செடி கொடுக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே பதினைந்தாம் நாளில் கண் வெளுத்ததா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

ஒளிந்திருக்கும் கிருமி

தண்ணீர் வழியே வராத மற்றொரு காமாலை உண்டு என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், சுத்தம் செய்யாத ஊசியால் குத்தப்பட்டவர்களுக்கும் அது வந்தது. அதன் கிருமி மட்டும் அகப்படவில்லை.

அமெரிக்கரான பாரூக் புளும்பெர்க் என்பவர் பல நாட்டு மக்களின் இரத்தத்தைச் சேகரித்து ஒப்பிட்டு வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதுமையான பொருள் ஒன்றை அவரும் அவருடைய தோழர்களும் கண்டு, 1965-இல் வெளியிட்டனர். அது ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸ் கிருமியின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. இதற்காக 1976-இல் புளும்பெர்க்கிற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமியின் சூழ்ச்சி பெரிது. வளர்ந்தவர் ஒருவருக்குத் தொற்றினால், பெரும்பாலும் உடம்பே அதை வென்று விரட்டிவிடும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. தங்கியவருக்குக் காமாலை தோன்றாது, காய்ச்சல் வராது, மரம் சீவலாம், குலை வெட்டலாம், பந்தாடலாம். முப்பது நாற்பது ஆண்டுகள் கிருமி கல்லீரலைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் கல்லீரல் சுருங்கி இறுகும். அல்லது அதில் புற்றுநோய் எழும்.

கிருமிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மெய்ப்பித்தது தைவான் நாட்டு ஆய்வு. அங்கே 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தனர். 1981-இல் முடிவு வெளியானபோது, அவர்களுள் 41 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தது. அந்த 41 பேரில் 40 பேர் கிருமியைச் சுமந்தவர்கள். இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமா?

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

இனிக் கீழாநெல்லிக்கு வருவோம். இந்தச் செடியின் கசப்புக்குக் காரணம் என்ன என்று முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர், குளித்தலையில் பிறந்த தமிழரான டி. ஆர். சேஷாத்திரி. இயற்கைப் பொருள்களின் வேதியியலில் உலகப் புகழ் பெற்றவர். வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1946-இல், கிருஷ்ணமூர்த்தி என்பவருடன் சேர்ந்து, கீழாநெல்லி இலையிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். அதற்கு ஃபில்லாந்தின் என்று பெயர். செடி மருந்து என்பது நம்பிக்கையாக இருந்த நிலை மாறி, செடிக்குள் இன்ன பொருள் இருக்கிறது என்று எடைபோட்டுக் காட்டும் நிலை வந்தது.

அடுத்த பெரிய அடி 1982-இல் சென்னையில் வைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் காமாலைக்குப் பயன்படும் இரண்டு நாட்டு மூலிகைகளை எடுத்துக்கொண்டனர். ஒன்று கீழாநெல்லி, மற்றொன்று கரிசலாங்கண்ணி. இவற்றின் சாற்றைச் சோதனைக் குழாயில் ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் பொருளோடு சேர்த்தபோது, அப்பொருள் செயலிழப்பதைக் கண்டனர்.

இச்செய்தி ஃபிலடெல்ஃபியா நகரின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்த புளும்பெர்க்கைக் கவர்ந்தது. கிருமியைக் கண்டுபிடித்தவரே நம் பாட்டி வைத்தியத்தின்பால் திரும்பினார். சென்னையும் ஃபிலடெல்ஃபியாவும் கைகோத்தன. அமெரிக்காவில் வுட்சக் என்ற பெருங்கொறிவிலங்கு ஒன்று உண்டு. அதற்கும் இதேபோன்ற கிருமி தொற்றி, கல்லீரல் புற்றுநோய் வருவது உண்டு. கீழாநெல்லிச் சாற்றை அந்த விலங்குகளுக்குச் செலுத்தியபோது சிலவற்றில் கிருமி குறைந்ததாக 1987-இல் அறிவித்தனர்.

அடுத்த ஆண்டு மனிதரிடம் சோதனை. சென்னையில் கிருமியைச் சுமந்தவர்களை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த குளிகை. ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, முப்பது நாள். மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் குளிகை. முடிவில், மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் குளிகை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988 அக்டோபரில் லண்டனில் இருந்து வெளிவரும் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. தொடக்க நிலை ஆய்வுதான் என்று ஆய்வாளர்களே அதில் எழுதியிருந்தனர். ஆயினும் உலகம் வியந்தது. வேலியோரத்துச் செடி கல்லீரல் புற்றுநோயின் வேரையே அறுத்துவிடும் போல் தோன்றியது.

மறுபடியும் செய்து பார்த்தார்கள்

விஞ்ஞானத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒருவர் கண்டதை மற்றொருவர் வேறோர் ஊரில் மறுபடியும் செய்து பார்ப்பார். நகைக்கடையில் வாங்கிய பொன்னை வேறு பத்தரிடம் உரைத்துப் பார்ப்பதில்லையா? அதைப்போல.

தாய்லாந்தில் செய்து பார்த்தனர். 1990-இல் வந்த முடிவில் கிருமி மறையவில்லை. நியூசிலாந்தில் செய்து பார்த்தனர். 1994-இல் வந்த முடிவிலும் பயன் காணவில்லை. சீனாவில் வேறு வகைக் கீழாநெல்லிகளை வைத்துப் பல ஆய்வுகள் நடந்தன. இவ்வாறு உலகமெங்கும் நடந்தவற்றில் 16 ஆய்வுகளைத் திரட்டி, 2011-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழுவினர் நடுநிலையில் எடைபோட்டனர். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்குக் கீழாநெல்லி பயன்படுகிறது என்று சொல்ல உறுதியான சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு.

சென்னையில் பலித்தது மற்ற இடங்களில் ஏன் பலிக்கவில்லை? சில காரணங்களை எண்ணிப் பார்க்கலாம். கீழாநெல்லி என்று நாம் அழைப்பதில் ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்கள் உண்டு. பழைய நூல்களிலேயே அவற்றின் விஞ்ஞானப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. மண்ணும் மழையும் பறிக்கும் பருவமும் மாறினால் இலையில் உள்ள சத்தும் மாறும். மேலும், முதல் சோதனையில் இருந்தவர்கள் மிகச் சிலர். சிறு கூட்டத்தில் தோன்றும் வெற்றி பெருங்கூட்டத்தில் கரைந்துபோவது மருத்துவ வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது.

கண்ணாடிக் கிண்ணத்தில் புற்றணு

கிருமியை ஒழிக்காவிட்டாலும், புற்றுநோய் உயிரணுவையே இந்தச் செடிகள் கொல்லலாம் அல்லவா? இந்த வழியிலும் ஆராய்ச்சி நடந்தது, இன்றும் நடக்கிறது.

இதற்கு ஒரு கருவி கிடைத்தது. அர்ஜென்டினா நாட்டுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் ஆய்வு நிலையத்தார் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, 1979-இல் உலகுக்கு அறிவித்தனர். ஹெப் ஜி-2 என்று அதற்குப் பெயர். சத்து நீர் ஊற்றினால் அது ஓயாமல் பெருகிக்கொண்டே போகும். இன்று உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் கல்லீரல் புற்று ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் இந்த உயிரணுக்கள்தாம் முன்னிற்கும்.

இந்தக் கிண்ணத்தில் செடிச்சாற்றை ஊற்றிப் பார்க்கிறார்கள். என்ன நடக்கிறது? நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் ஓர் ஆயுள் உண்டு. பழுதானால் தன்னைத்தானே ஒழுங்காக மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. புற்றணு அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, சாகாமல் பெருகுகிறது. செடிகளில் உள்ள சில பொருள்கள் அந்த ஏற்பாட்டை மறுபடியும் முடுக்கிவிடுகின்றன. அணுக்கள் சுருங்கி மடிகின்றன. மஞ்சளில் உள்ள குர்குமின் இவ்வாறு செய்வதைப் பல ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கீழாநெல்லி இனத்துச் சாறுகள் நுரையீரல், மார்பகப் புற்றணுக்களைக் கிண்ணத்தில் தடுப்பதை 2011-இல் எடுத்துக்காட்டினர். கேரளத்துத் திருச்சூரில் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தார், இரசாயனத்தால் கல்லீரல் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்ததாக 2000-இல் எழுதினர்.

இவையெல்லாம் மெய். ஆனால் கிண்ணத்துக்கும் உடம்புக்கும் இடையே நெடும் பயணம் இருக்கிறது. கிண்ணத்தில் சாறு நேரே அணுவின்மேல் விழுகிறது. மனிதர் உண்டால் அது வயிற்றில் கரைய வேண்டும். குடல் உறிஞ்ச வேண்டும். கல்லீரல் அதை அந்நியப் பொருள் என்று எண்ணி முறித்துப் போடாமல் விட வேண்டும். மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது. நல்ல உடல்நலம் உடையவர்கள் 2 கிராம் குர்குமின் உண்ட பிறகும், இரத்தத்தில் அது தேடினாலும் அகப்படாத அளவே இருந்தது. மிளகின் காரப் பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது பல மடங்கு கூடிற்று. மஞ்சளும் மிளகும் சேர்ந்த நம் ரசத்தை எண்ணி மகிழலாம். ஆயினும் கூடிய அளவும்கூட மனிதரின் கல்லீரல் புற்றைக் கரைத்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை.

அப்படியானால் செடியிலிருந்து புற்றுநோய் மருந்தே வராதா என்று கேட்கலாம். வந்திருக்கிறது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியே சான்று. ஜமைக்கா தீவு மக்கள் நீரிழிவுக்கு அதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பதைக் கேள்விப்பட்டு, கனடா நாட்டு ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, மாறாக, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுக்கு இதைப் பயன்படுத்தலாமே என்று எண்ணினர். 1958-இல் வின்பிளாஸ்டின் பிறந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் கைகண்ட மருந்து. ஆனால் யாரும் நித்தியகல்யாணியைக் காய்ச்சிக் குடித்து அந்நோயிலிருந்து மீளவில்லை. மிகுதியான இலையிலிருந்து மிகச் சிறிதளவே கிடைக்கும் அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்து, அளவு கண்டு, மருத்துவர் கண்காணிப்பில் நரம்பில் ஏற்றும்போதுதான் அது மருந்து. அளவு தவறினால் அதுவே நஞ்சு. இந்த மருந்தாலும் கல்லீரல் புற்றை வெல்ல முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செடியே பகையாகும் இடம்

இயற்கையில் விளைந்தது தீமை செய்யாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கல்லீரல் வரலாறு அதை மறுக்கிறது.

1960-இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மாண்டன. தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம். அதில் பூத்திருந்த பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்த நஞ்சு கல்லீரல் புற்றையும் விளைக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர் இந்த நஞ்சையும் உண்டால் ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது. நம் நாட்டிலேயே, பேராக் மாநிலத்தில், 1988 அக்டோபரில் 'லோ சீ ஃபன்' என்னும் அரிசி மீ உண்ட 13 குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து மாண்டனர். அந்தக் கொடுமைக்கும் அஃப்ளாடாக்சினே காரணம் என்று மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினர். ஆகவே கச்சானிலும் சோளத்திலும் அரிசியிலும் பூஞ்சணம் கண்டால், துடைத்து வறுத்துத் தின்னலாம் என்று எண்ணக் கூடாது. வறுத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் அழியாது. குப்பையில் கொட்டிவிடுவதே சிக்கனம்.

மூலிகையிலும் அவ்வாறே. ஈசுவரமூலி, ஆடுதின்னாப்பாளை முதலிய செடிகளின் குடும்பத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றை விளைப்பது முன்பே தெரியும். 2017-இல் தைவானில் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த அமிலம் விட்டுச் சென்ற தழும்பு காணப்பட்டது. மஞ்சள் தூள் சமையலில் தீங்கு செய்வதில்லை. ஆனால் செறிவாக்கி மாத்திரையாக விற்கப்படும் மஞ்சளால் சிலருக்குக் கல்லீரல் வீங்கியதாக இத்தாலி, அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்துள்ளனர். எச்செடி, எவ்வளவு, எவ்வளவு நாள் என்ற மூன்று கேள்விகளும் இல்லாமல் மருந்து என்பதே இல்லை.

வென்றது எது?

கல்லீரல் புற்றுநோயை இதுவரை பெருமளவில் குறைத்துக் காட்டிய ஒன்று உண்டு. அது தடுப்பூசி. புளும்பெர்க்கும் அவருடைய தோழர் இர்விங் மில்மனும் 1969-இலேயே அதற்கு வழி கண்டனர். 1981-இல் அமெரிக்காவில் அது பயனுக்கு வந்தது. 1984-இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. விளைவு என்ன தெரியுமா? ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளிடையே, முன்பு இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்று, 1990-94 ஆண்டுகளில் 0.36 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ பாதி. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்க முடியும் என்று மனித குலம் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

நம் மலேசியாவில் 1989-ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அந்தக் காப்பு இல்லை. இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்து நிற்பவர்கள் அவர்கள்தாம். கிருமி தன் வேலையை முடிக்கும் வயதும் அதுவே.

ஆகவே தோட்டப்புறத் தாய்மார்களே, தந்தைமார்களே, நாம் செய்யத்தக்கவை என்னென்ன என்பதை வரிசையாகச் சொல்லி முடிப்போம்.

பிள்ளை பிறந்தவுடன் போட வேண்டிய ஊசியைத் தவறவிடாதீர்கள். முதல் ஊசியோடு நின்றுவிடாமல், கிளினிக்கில் குறித்துக் கொடுக்கும் நாட்களில் மற்ற ஊசிகளையும் போட்டு முடியுங்கள்.

1989-க்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தம் கொடுத்து ஹெபடைடிஸ் பி சோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இருந்தால் அஞ்ச வேண்டா. என்டிகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைக்கின்றன, புற்றுநோய் வரும் வாய்ப்பையும் குறைக்கின்றன. யாருக்கு எப்போது மாத்திரை தேவை என்பதை மருத்துவர் சொல்வார். கிருமி உள்ளவரோடு ஒரே தட்டில் உண்பதாலும், பிள்ளையைக் கொஞ்சுவதாலும் இது பரவாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், தாயிடமிருந்து பிறக்கும் சேய்க்கும் பரவும். சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷையும் மட்டும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். அவரை ஒதுக்கி வைப்பது அறியாமை.

சம்சுவும் கள்ளும் மற்ற மதுவும் நலிந்த கல்லீரலுக்கு எமன். எந்தத் தோட்டத்து லயத்திலும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

கண் மஞ்சளித்தால் முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. எந்தக் காமாலை என்று இரத்தம் சொல்லிவிடும். சாதாரணக் காமாலைதான் என்று தெரிந்தபின், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பாட்டி அரைத்துத் தரும் கீழாநெல்லியைக் கொஞ்சம் குடித்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. ஆனால் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அறுவையும் மருந்தும் வேண்டாம், மூலிகையே போதும் என்று ஆறு மாதம் ஒருவர் சொல் கேட்டுக் காத்திருப்பது பேரிழப்பாக முடியும். சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுக்கக்கூடிய கட்டி, அந்த ஆறு மாதத்தில் கைமீறிப் போய்விடும்.

கீழாநெல்லியை இகழ்வது நம் நோக்கமன்று. அதன் கசப்பைப் பளிங்காக்கிய குளித்தலைத் தமிழரும், அதைச் சோதனைக் குழாயில் இட்ட சென்னை ஆய்வாளரும், நோபல் பரிசு பெற்ற பின்னும் வேலியோரச் செடியைப் பணிந்து பார்த்த அமெரிக்கரும் நம் வணக்கத்துக்கு உரியவர்கள். முன்னோர் சொன்னதை அவர்கள் தள்ளிவிடவில்லை, கேட்டார்கள். அதோடு நில்லாமல் உரைத்தும் பார்த்தார்கள். பலித்ததைச் சொன்னார்கள், பலிக்காததை மற்றவர்கள் வந்து சொன்னபோது உலகம் ஏற்றுக்கொண்டது. நம் வீட்டு வைத்தியத்திலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், நம் பிள்ளைகளின் கல்லீரலும் வாழ்வும் நெடுநாள் நலமாக இருக்கும்.